இடுப்பு வலி வரிசை

1

"வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுது" என்று பாளையங்கோட்டையிலிருந்து என் பள்ளித்தோழி கடிதம் போட்டிருந்தாள். அங்கே ஒரு சிறு பத்திரிகை நடத்துகிறாள். பெங்களூர் எப்போதடி வெளிநாடு ஆயிற்று என்று பதில் போட்டேன். மறு தபாலிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அமெரிக்காக்காரி மாதிரி நீயும் வருசத்துக்கு ஒரு தடவதான் வார. வந்த ரெண்டாம் நாளே பெட்டியக் கட்டுத. உம் மவளுக்குத் தமிழ்ல கையெழுத்துப் போடத் தெரியாது. இதுக்கு மேல என்னட்டி வெளிநாடு? எழுது."

ஒரு ராத்திரி ரயில்தான், பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். ஆனாலும் அவள் சொன்னது பொய்யில்லை.

போன வாரம் மகளின் பள்ளிக்கு வசிப்பிடச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மூன்றாவது தடவை. முதல் தடவை ரேஷன் கார்டு நகல் போதாது என்றார்கள். இரண்டாம் தடவை நகலில் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் முத்திரை தெளிவாக இல்லை என்றார்கள். மூன்றாம் தடவை குமாஸ்தா எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, கடைசியில் ஒரு கட்டத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "எஷ்டு வருஷ ஆயித்து மேடம் இல்லி பந்து?" வந்து எத்தனை வருடமாயிற்று என்கிறார். பதினொன்று என்றேன். உடனே தமிழுக்குத் தாவினார். இங்கே எல்லோரும் அப்படித்தான். "பதினோரு வருசம் இருந்துட்டு சொந்த ஊர்னு கேட்ட எடத்துல இன்னும் திருநெல்வேலினு போட்டுருக்கீங்களே மேடம், எங்க ஊரு பிடிக்கலையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இந்தப் பதினோரு வருடத்தில் இங்கே என்ன சாதித்தேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சாதித்ததைவிடச் செய்த முட்டாள்தனம்தான் முதலில் ஞாபகம் வந்தது. அதையே எழுதுகிறேன்.

2

என் கணவருக்கு வங்கியில் மாற்றல் வந்ததால் 1991இல் பெங்களூர் வந்தோம். காக்ஸ் டவுனில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் வீடு. நான் மகப்பேறு, பெண்கள் நோய் மருத்துவம் படித்தவள். இங்கே ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. பாடம் எடுக்க ஆங்கிலம் போதும். நோயாளிகளிடம் பேசக் கன்னடம் வேண்டும். என்னிடம் இருந்தது பஸ்ஸில் கற்ற பத்து வார்த்தை.

எங்கள் துறைத்தலைவர் சுமித்ரா மேடம், மைசூர்க்காரர். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். "நீ தமிழ் பேசும் பெண்களைப் பார். இந்த ஊரில் அதற்கே உனக்கு நேரம் போதாது" என்றார். உண்மைதான். ஒக்கலிபுரம், காண்டோன்மெண்ட் பக்கத்துச் சந்துகள், பொம்மசந்திராவில் தொழிற்சாலை வேலைக்கு வந்த தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பெண்கள் என்று காலை எட்டு மணிக்கே வராண்டா நிறைந்துவிடும்.

அந்த டிசம்பரில் காவிரிக்காக ஊரே கொதித்தது. ஒரு வாரம் பஸ்ஸில் நானும் என் கணவரும் ஊமைகளாக உட்கார்ந்து போனோம். வீட்டு வாசலில் கிடந்த தமிழ்ப் பத்திரிகையை அவர் சட்டைக்குள் சுருட்டி எடுத்துவந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. மூன்றாம் நாள் காலை சுமித்ரா மேடத்தின் கார் வாசலில் நின்றது. பின் சீட்டில் அவரே இருந்தார். "ஏறு. உன் நோயாளிகள் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் தமிழில் பேச ஆள் வேண்டும்" என்றார். ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று முந்தின இரவு முடிவு செய்திருந்தோம். பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

3

எனக்கு ஒழுங்கு இல்லாத இடத்தைக் கண்டால் கை அரிக்கும். வராண்டாவில் கர்ப்பிணிகள், குழந்தை இல்லாதவர்கள், தீட்டுக் கோளாறுக்காரர்கள் எல்லாம் ஒரே கும்பலாக முட்டிக்கொண்டு நிற்பார்கள். இரண்டாம் வருடம் ஐந்து பெஞ்சுகளைக் கேட்டு வாங்கிப் போட்டேன். கர்ப்பம் ஒரு பெஞ்சு, தீட்டுக் கோளாறு ஒன்று, வெள்ளைப்படுதல் ஒன்று, குழந்தையில்லாமை ஒன்று, இடுப்பு வலி ஒன்று. வாசலில் எங்கள் ஆயா மரகதம்மா நின்று ஒவ்வொருத்தியையும் விசாரித்து, நோயைச் சீட்டில் குறித்து, அந்தந்தப் பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும். மரகதம்மா மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம். அவர் குரல் இரண்டு மாடிக்குக் கேட்கும்.

"வெள்ளபடறவங்க இந்தாண்ட குந்துங்கோ. கொயந்த இல்லாதவங்க அந்தாண்ட. ஏம்மா, உனக்கு இன்னா? பிளி செரகா? இல்லி பா."

கன்னடக்காரிகளிடம் வெள்ளைப்படுதலைக் கன்னடத்திலேயே கேட்பார். நோயாளிகள் மளமளவென்று நகர்ந்தார்கள். சுமித்ரா மேடம் மற்றத் துறைக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்கு வருடம் இப்படி ஓடியது. பதவி உயர்வுக்கு ஓர் ஆய்வு வேண்டும் என்றார்கள். தொழிற்சாலைப் பெண்களில் எக்கச்சக்கமான பேர் இடுப்பு வலியோடு வருவதைக் கவனித்திருந்தேன். அந்தப் பெஞ்சு மட்டும் எப்போதும் நிரம்பி வழியும். ஆட்கள் தரையில்கூட உட்கார்ந்திருப்பார்கள். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை, அதனால் இடுப்பு வலி. பளிச்சென்று இருந்தது எனக்கு. ஒரு வருடம் உட்கார்ந்து சீட்டுகளைத் தொகுத்தேன், வரைபடம் போட்டேன். கல்லூரியின் ஆண்டுக் கருத்தரங்கில் வாசிக்கத் தேதியும் குறித்தாயிற்று.

அந்தப் பெஞ்சிலிருந்து வந்தவர்களில் ஒருத்தி, சரசா என்று வைத்துக்கொள்வோம். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஒக்கலிபுரம். பொம்மசந்திராவில் மருந்துப் பெட்டிகள் அடுக்குகிற வேலை. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். ஆறு மாதத்தில் மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் வலி மாத்திரை எழுதி, கனம் தூக்காதே, நடுநடுவே உட்கார் என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் தடவை எழுந்து கதவு வரை போனவள் திரும்பி நின்றாள்.

"வேற எதுவும் கேக்க மாட்டீங்களா மேடம்?"

அடுத்தவள் ஏற்கெனவே உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் தலையைத் தூக்காமலே, "அடுத்த மாசம் வாங்கம்மா" என்றேன்.

4

கருத்தரங்குக்குப் பத்து நாள் இருக்கும்போது மரகதம்மா சொந்தக்காரர் கல்யாணத்துக்கு லீவு போட்டார். மாற்று ஆள் வரவில்லை. வராண்டா பழையபடி கும்பலாகிவிட்டது. வேறு வழியில்லாமல், வந்த வரிசைப்படி ஒவ்வொருத்தியாக உள்ளே வரச்சொன்னேன். ஓ.பி. சீட்டில் என்ன நோய் என்ற இடம் காலியாக இருந்ததால் நானே வாய் திறந்து கேட்க வேண்டியிருந்தது.

ஒரு மணிக்கு கை கழுவும்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அத்தனை பேரில் இடுப்பு வலி என்று ஒரே ஒரு கிழவிதான் சொன்னாள். மற்றவர்களெல்லாம் வெள்ளைப்படுதல், அரிப்பு, புண், புருஷனோடு சேரும்போது வலி, கலைந்த கர்ப்பம், வராத தீட்டு.

மறுநாள் மரகதம்மா வந்தார். இடுப்பு வலிப் பெஞ்சு நிரம்பி வழிந்தது. ஓ.பி. முடிந்ததும் அவரைக் கூப்பிட்டேன்.

"மரகதம்மா, நேத்து ஒரே ஒரு கிழவிக்கு இருந்த இடுப்பு வலி இன்னைக்கு இத்தனை பேருக்கு எப்படி வந்துச்சு?"

"இன்னா மேடம், தெரியாத மாதிரி கேக்கறீங்க" என்றார். "வெள்ளபடறவங்க இந்தாண்டனு நான் கத்தறேன். அங்க ஆம்பளைங்க நின்னுக்கினு கீறாங்க, மாமியாருங்க குந்திக்கினு கீறாங்க. எவ எயுந்து போயி அதுல குந்துவா? இடுப்பு வலினா மானம் போவாது. அத்தான் எல்லாரும் அதையே சொல்றாங்க."

"சரி, உள்ள வந்தாவது எங்கிட்டச் சொல்லலாம்லா?"

"உள்ள வந்தா நீங்க எங்க கேக்கறீங்க? இடுப்பு வலிதானேம்மானு சொல்லிக்கினே எய்திடறீங்க."

"இத ஏன் இத்தனை வருசமா எங்கிட்டச் சொல்லல?"

"பெஞ்சு போட்டது நீங்க. பெரிய மேடம் எல்லாரையும் இட்டாந்து காட்னாங்க. நான் இன்னாத்த சொல்றது?" வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கே ரெண்டு வருசமா கர்ப்பப்பை எறங்கிக்கினு கீது. உங்க கூடவேதான் நிக்கறேன். சொன்னனா?"

ஒரு வருட ஆய்வு குப்பை என்பது அப்புறம்தான் தோன்றியது. முதலில் தோன்றியது கதவருகே திரும்பி நின்றவளின் முகம்தான்.

5

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. ஏனென்றால் நான் மருந்துக் கடைக்காரர் மகள்.

பாளையங்கோட்டையில் அப்பாவின் கடைக்குப் பெண்கள் வருவார்கள். "தலவலி மாத்திரை குடுங்க" என்பார்கள். வாங்கிய பிறகும் போக மாட்டார்கள், நின்றுகொண்டே இருப்பார்கள். அப்பா உடனே, "உள்ளே சரக்கு பாக்கணும்" என்று எழுந்து போய்விடுவார். அம்மா வந்து கல்லாவில் உட்காருவாள். அம்மா எதுவும் கேட்கமாட்டாள். பஞ்சை மடித்துக்கொண்டோ, பாட்டில் துடைத்துக்கொண்டோ இருப்பாள். ஐந்து நிமிடத்தில் உண்மை தானாக வெளியே வரும். அம்மாவுக்குப் படிப்பு எட்டாவதுதான். பெரிய படிப்புப் படித்து, வேறு ஊருக்கு வந்து, பெஞ்சு போட்டு நோயைப் பிரித்த மகளுக்கு இது மறந்துபோயிற்று.

அன்று சாயங்காலம் அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். அவள் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "அந்தப் பிள்ள எங்க இருக்குன்னு முதல்ல பாருளா" என்று மட்டும் சொன்னாள்.

6

ரெக்கார்ட் ரூமில் சரசாவின் சீட்டு கிடைத்தது. விலாசம் என்ற இடத்தில் ஒக்கலிபுரம், தண்ணீர்க் குழாய் எதிரில் என்று இருந்தது. கடிதம் போட முடியாது. எங்கள் ஆஸ்பத்திரி அட்டையில் பெண்கள் நோய்ப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். தபால்காரர் கையிலிருந்து அவள் கைக்குப் போவதற்குள் தெரு முழுக்கப் படித்துவிடும். அவளுக்கு என்ன நோய் என்று எனக்கும் தெரியாது. ஆனால் முப்பத்தைந்து வயதில் மூன்று முறை வந்து, சொல்ல முடியாமல் திரும்பிப் போகிற நோய் எதுவெல்லாம் இருக்கும் என்று தெரியும். அதில் ஒன்று ஆளைக் கொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மரகதம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். "நீங்க வாயத் தொறக்காதீங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்றார். ரயில்பாதையை ஒட்டின சந்து. குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று நான் விழிப்பதற்குள் மரகதம்மா அறிவித்துவிட்டார்.

"மேடம் ஊட்டுக்கு சமையல் வேலைக்கு ஆள் வேணுமாம். இங்க யாரோ நல்லா செய்வாங்கனு சொன்னாங்க."

அவ்வளவுதான், மொத்தக் குழாயடியும் என்னைச் சூழ்ந்துகொண்டது. எந்த ஏரியா என்றார்கள். காக்ஸ் டவுன் என்றதும், "ரெண்டு பஸ்ஸு மாறணுமே" என்று ஒருத்தி விலகினாள். இன்னொருத்தி, "எனக்கு பிரியாணி நல்லா வரும் மேடம், நீங்க கறி சாப்புடுவீங்கதானே?" என்றாள். எத்தனை பேர் வீட்டில், காலையில் காப்பியா டீயா, ஞாயிறு லீவு உண்டா என்று என்னைப் பேட்டி எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சரசா என்னை அடையாளம் கண்டு தலையைக் குனிந்தாள்.

"உனக்குச் சமையல் தெரியுமாம்மா?" என்றேன்.

"தெரியும். உள்ள வாங்க."

மரகதம்மா வாசலிலேயே நின்று, பிரியாணிக்காரியிடம் அரிசி எத்தனை படி என்று ஆரம்பித்தார். உள்ளே ஒரே அறை. நான் பாயில் உட்கார்ந்தேன்.

"சரசா, தப்பு என்னோடது. மூணு தடவ வந்தீங்க. நீங்களா கேட்டும் நான் கேக்கல. இப்பச் சொல்லுங்க."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொன்னாள். எட்டு மாதமாக, புருஷனோடு சேர்ந்தால் ரத்தம் படுகிறது. இப்போது சும்மா இருக்கும்போதும் படுகிறது. நாற்றம். அவரிடம் சொல்ல வெட்கம், அதனால் கிட்டே வந்தாலே தள்ளிவிடுகிறாள்.

"அவருக்கு வேற நெனப்பு மேடம். கம்பெனில நான் எவனையோ வச்சிக்கினு இவர ஒதுக்கறேன்னு. ஒரு மாசமா பேச்சில்ல. பொங்கல் முடிஞ்சதும் என்ன ஆரணில எங்கம்மா ஊட்ல வுட்டுட்டு வந்துடறாராம். புள்ளைங்க இங்கியே இருக்குமாம்." அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "நான் செத்துட்டா பரவால்ல மேடம். கெட்டவனு பேரோட சாவ மாட்டேன்."

"சாக விடமாட்டேன். நாளைக்குக் காலையில பின்வாசல் வழியா வாங்க" என்றேன்.

7

கர்ப்பப்பை வாயில் சின்னதாக ஒரு கட்டி. தொட்டாலே ரத்தம் கசிந்தது. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் என்னிடம் வாய் கொடுக்கவில்லை. புற்றுதான். ஆனால் சுமித்ரா மேடம் தன் கையால் சோதித்துவிட்டு, "இன்னும் வெளியே பரவவில்லை. நாம் முந்திக்கொண்டோம்" என்றார். நீ முந்திக்கொண்டாய் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

சரசாவின் கணவர் ஏழுமலை ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். அறைக்குள் கூப்பிட்டு, கதவுத் திரையை இழுத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் ரத்தம், ஏன் அவள் தள்ளினாள், எந்த இடத்தில் கட்டி, அதை எப்படி எடுப்போம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். புற்று என்றால் அழுவார், செலவைக் கேட்பார், பிழைப்பாளா என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப, அவ என்னப் புடிக்காம தள்ளல இல்லியா மேடம்?"

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சொல்கிறேன், உனக்கு இதுதானா முக்கியம் என்று. பிறகு யோசித்தால், எட்டு மாதமாக அவர் சுமந்த மூட்டை அது.

அறுவை சிகிச்சை நான்கு மணி நேரம் நடந்தது. சுமித்ரா மேடம் செய்தார், நான் எதிரே நின்றேன். பதினைந்தாம் நாள் சரசா நடந்தே வீட்டுக்குப் போனாள். மரகதம்மாவுக்கும் அந்த மாதமே ஆபரேஷன் நடந்தது. வார்டில் படுத்துக்கொண்டே நர்சுகளை அதட்டிக்கொண்டிருந்தார்.

ஆய்வை என்ன செய்வது? சுமித்ரா மேடத்திடம் போய், வாசிக்க மாட்டேன் என்றேன். "ஏன், வாசி. எப்படித் தப்பாய்ப் போயிற்று என்று வாசி" என்றார். நூறு பேர் முன்னால் நின்று, நான் அளந்தது பெண்களின் இடுப்பை அல்ல, என் பெஞ்சுகளை என்று சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. போகட்டும்.

8

ஐந்து பெஞ்சையும் ஒன்றாகத் தள்ளிப்போட்டோம். வருகிறவர்களுக்கு நம்பர் டோக்கன் மட்டும். நோயை உள்ளே வந்து சொன்னால் போதும். உள்ளே திரைச்சீலைதான் இருந்தது. கதவு வேண்டும் என்று எழுதினேன். 'திரை நல்ல நிலையில் உள்ளபோது கதவு எதற்கு?' என்று கோப்பு திரும்பி வந்தது. சத்தம் திரையில் நிற்காது என்று பதில் எழுதினேன். சத்தமே போடாமல் பரிசோதிக்கலாமே என்று வந்தது. பதினான்கு மாதம் இந்தக் கூத்து. கடைசியில் சுமித்ரா மேடம் ஓய்வுபெறும் நாளில், தமக்குப் பிரிவுபசாரப் பரிசு வேண்டாம், ஒரு கதவு போதும் என்று மேடையிலேயே சொன்னார். அடுத்த வாரம் கதவு வந்தது.

என் மாணவிகளுக்கு ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். எல்லாம் எழுதி முடித்த பிறகு பேனாவைக் கீழே வைக்க வேண்டும். "வேற எதாவது சொல்லணுமா?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கேட்பது எல்லோருக்கும் வந்துவிடும், சும்மா இருப்பதுதான் வராது. எனக்கும் சுலபமாக வரவில்லை.

கன்னடம் பேசுகிறவர்களிடம் இதை எப்படிக் கேட்பது? என் மகள் மீரா அப்போது ஒன்றாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து பெங்களூர், தெருவில் எல்லாம் கன்னடம்தான். தாத்தாவுக்கு எழுதும் கடிதத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவாள். நான் "ஏட்டி" என்று கூப்பிட்டால், "அப்படிக் கூப்டாதம்மா, பிரெண்ட்ஸ் சிரிக்கறாங்க" என்பாள். அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அவளைத்தான் கேட்டேன்.

"இன்னேனாதரூ ஹேளபேக்கா?" என்று சொல்லிக்கொடுத்தாள். "அவங்க சும்மா இருந்தா 'ஹேளி'னு சொல்லு."

"நான் 'ஹேளு'ன்னுதானே சொல்லுவேன்."

மீரா கண்ணை அகல விரித்தாள். "பெரியவங்ககிட்டயாம்மா? அது நாய்க்குட்டிகிட்ட, தம்பிகிட்ட எல்லாம்தான் சொல்வாங்க. அவங்களுக்குக் கோவம் வரலையா?"

ஏழு வருடமாக ஊர்ப்பட்ட பெண்களைப் பார்த்து, சொல்லடி என்கிற மாதிரி அதட்டியிருக்கிறேன். ஒருத்திகூட என்னைத் திருத்தவில்லை, டாக்டரம்மாவாயிற்றே. மகள் ஆறு வயதில் திருத்தினாள். அவள் தமிழை விட்டுத் தூரமாகப் போகிறாள் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். போகிற வழியில் எனக்கு ஒரு பாஷையில் மரியாதை கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போகிறாள்.

9

வசிப்பிடச் சான்றிதழுக்கு அலைந்த அதே வாரம், வெள்ளிக்கிழமை சரசா வந்தாள். ஆபரேஷன் ஆகி ஐந்து வருடம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் அவளை மறுபரிசோதனைப் பிரிவில் மாணவிகள்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் சீட்டில் 'நலம்' என்று எழுதியிருக்கும், நான் கையெழுத்துப் போடுவேன். கூடவே அவள் நாத்தனார் துணைக்கு வந்துகொண்டிருந்தாள். இந்தத் தடவை நாத்தனார் ஊருக்குப் போய்விட்டதால், ஏழுமலை கூட்டிவந்து வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் வருடப் பரிசோதனை என்பதால் நானே செய்தேன். சுத்தமாக இருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள், மூத்த பையன் ஐ.டி.ஐ. படிக்கிறானாம்.

"இனிமே வருசத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும். ஜெயிச்சுட்டீங்க" என்றேன். அவள் தலையாட்டினாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"வேற எதாவது சொல்லணுமா சரசா?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்தேன்.

"ஆபரேசன் முடிஞ்சி ஊட்டுக்கு அனுப்பறப்ப நீங்க ஒண்ணு சொன்னீங்க மேடம். நாங்க சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் தள்ளியே இருங்கனு."

"ஆமா."

"இன்னும் சொல்லலியே. எப்ப சொல்வீங்க?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. மூன்று மாதம் கழித்துச் சொல்லியிருக்க வேண்டியது. தையல் ஆறிவிட்டது, இனிப் பயமில்லை என்று ஒரே ஒரு வரி. மாணவிகள் நான் சொல்லியிருப்பேன் என்று விட்டிருக்கிறார்கள், நான் அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று விட்டிருக்கிறேன். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவள் கேட்கவா முடியும்? இந்த ஐந்து வருடமும் நான் ஊர் ஊராகப் போய், பெண்களின் வாழ்க்கை முழுவதையும் மருத்துவம் பார்க்க வேண்டும் என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மூணு மாசத்துலயே சேர்ந்து இருந்திருக்கலாம்மா. நாங்கதான் சொல்ல மறந்துட்டோம். என்னை மன்னிச்சிருங்க."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. முகத்தை எடுத்தபோது இரண்டும் இருந்தது.

"அஞ்சு வருசம் மேடம். அவரு ஒரு வாட்டிகூட கேக்கல. அவரு பாவமேனு நானா கேட்டாக்கூட, டாக்டருங்க சொல்லட்டும், நீ நல்லா இருந்தா போதும்னுட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னச் சந்தேகப்பட்ட ஆளு மேடம் அது."

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மாணவி ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து உடனே கதவைச் சாத்தினாள்.

"நீங்களே வந்து அவராண்ட சொல்லுங்க" என்றாள் சரசா. "நான் சொன்னா, இவளுக்கு இன்னா ஆசைனு நெனப்பாரு."

எழுந்து போனேன். வராண்டாவில் கூட்டம். என்னைக் கண்டதும் ஏழுமலை எழுந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. டாக்டரே வெளியே வந்து கூப்பிட்டால் நல்ல சேதியாகவா இருக்கும்? மருந்து வைக்கும் அறைக்குள் கூட்டிப்போய், மெல்லிய குரலில், நேராகச் சொன்னேன். அவள் முழுக்கக் குணமாகிவிட்டாள், நீங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருக்கலாம், முன்பே சொல்லியிருக்க வேண்டும், தப்பு எங்களுடையது.

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அவளுக்கு ஒண்ணும் ஆவாதே மேடம்?"

"ஒண்ணும் ஆகாது."

தலையை ஆட்டினார். இன்னும் ஒரு முறை ஆட்டினார். பிறகு வெளியே போய், கதவருகே நின்றிருந்த சரசாவிடம், "சீட்டு வாங்கிக்கினியா? வா, போலாம்" என்றார். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வழக்கம்போல முன்னால் நடந்தார். பத்தடி போனதும் நின்று, அவள் பக்கத்தில் வந்து சேரும் வரை காத்திருந்தார்.